எம்.எல்.ஏ.வின் சொத்துப் பட்டியலில் எதைப் பார்க்க வேண்டும்?

வேட்புமனு தாக்கல் சூடு பிடித்ததுமே பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தி தவறாமல் வரும். இன்ன வேட்பாளருக்கு இத்தனை கோடி, அவர் மனைவிக்கு இத்தனை பவுன், சொந்தமாகக் கார்கூட இல்லாதவர் இன்னார். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு டீக்கடைக்கு இரண்டு நாள் பேச்சுக்கு அது போதும். “இவ்வளவும் எங்கிருந்து வந்தது?” என்பார் ஒருவர். “காட்டினது இவ்வளவு, காட்டாதது எவ்வளவோ” என்பார் இன்னொருவர். மூன்றாம் நாள் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

அந்த மொத்தத் தொகையில் எனக்குப் பெரிய அக்கறை கிடையாது. பணக்காரராக இருப்பது குற்றமில்லை. ஏழையாக இருப்பது நேர்மைக்குச் சான்றும் இல்லை. பூதப்பாண்டியில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவைச் சொல்லிச் சொல்லியே நம் ஊரில் எளிமைதான் அரசியல்வாதிக்கு ஒரே அளவுகோல் என்றாகிவிட்டது. ஜீவா மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் எம்.எல்.ஏ.வின் சொத்துக் கணக்கைச் சட்டம் நம் கையில் கொடுத்திருப்பது அவர் எவ்வளவு எளிமையானவர் என்று மார்க் போட அல்ல. அவர் எடுக்கிற முடிவுகளில் எது அவர் வீட்டுக்கே லாபமாகத் திரும்பும் என்று நாம் பார்க்கலாம் என்பதுதான் அதன் பயன். இதைத்தான் நலன் முரண் என்கிறார்கள்.

உள்ளூர் உதாரணமே சொல்கிறேன். அரசு ரப்பர் கழகத்தின் தலைமை அலுவலகம் நாகர்கோவிலில் இருக்கிறது. அது மாநில அரசின் நிறுவனம். அப்படிப்பட்ட நிறுவனங்களின் கணக்கையும் நடப்பையும் ஆராயச் சட்டமன்றத்தில் பொது நிறுவனங்கள் குழு என்று ஒன்று உண்டு. அந்தக் குழுவில் உள்ள ஒரு எம்.எல்.ஏ.வுக்குக் குலசேகரம் பக்கம் முப்பது ஏக்கர் ரப்பர் தோட்டம் இருக்கிறது என்று வையுங்கள். கழகத் தொழிலாளர்களின் கூலி உயர்வு பற்றிய பேச்சு குழுவுக்கு வருகிறது. கழகம் கூலியைக் கூட்டினால், நாளைக்கு அவர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரும் கேட்பார். அந்த எம்.எல்.ஏ. என்ன பேசுவார்?

நியாயமாகவே பேசலாம். கூலியை உயர்த்தச் சொல்லியே வாதாடலாம். நலன் முரண் என்றாலே ஊழல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. லஞ்சம் கைமாறினால் அது ஊழல். இங்கே எதுவும் கைமாறவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஒரு பக்கமும் அவர் தோட்டம் இன்னொரு பக்கமும் இழுக்கின்றன, அவ்வளவுதான். இதற்கு மருந்தும் எளிது. “எனக்கு ரப்பர் தோட்டம் உண்டு, இந்த விஷயத்தில் நான் விலகிக்கொள்கிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் சொல்லாவிட்டால், நாம் கண்டுபிடிக்க ஒரு காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதம் வந்த கதை

அதன் பெயர் படிவம் 26. வேட்புமனுவோடு சேர்த்து ஒவ்வொரு வேட்பாளரும் தர வேண்டிய பிரமாணப் பத்திரம். எந்தக் கட்சியும் மனமுவந்து கொண்டுவந்தது அல்ல. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், வேட்பாளரின் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்கு ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அதை நீர்த்துப்போகச் செய்ய அதே ஆண்டில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சட்டத்தில் சொன்னதைத் தவிர வேறு எதையும் வேட்பாளர் வெளியிட வேண்டியதில்லை, நீதிமன்றமே சொல்லியிருந்தாலும் சரி, என்பது அதன் சாரம். 2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

அப்புறம் வேட்பாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். சங்கடமான கட்டங்களை வெறுமனே விட்டுவிடுவது. 2013இல் அதற்கும் தடை வந்தது. தேர்தல் அதிகாரி நினைவூட்டிய பிறகும் கட்டம் காலியாக இருந்தால் மனுவைத் தள்ளலாம். எதுவும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதித்தான் ஆக வேண்டும். 2018 பிப்ரவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, சொத்தை மட்டும் சொன்னால் போதாது, வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்றது. 2019 பிப்ரவரியில் படிவத்தில் ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கின் தொகையும், வெளிநாட்டுச் சொத்து விவரமும் சேர்ந்தன. ஆகவே 2016 தேர்தல் பத்திரத்தையும் 2021 பத்திரத்தையும் பக்கத்தில் வைத்தால் பழையது மெலிந்து இருக்கும். யாரும் மறைத்ததாக எண்ண வேண்டாம். அப்போது படிவமே அவ்வளவுதான்.

பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். தேர்தல், மாநிலம், தொகுதி என்று தேர்ந்தெடுத்தால் ஸ்கேன் செய்த பக்கங்கள் வரும். நம் குமரி மாவட்டத்தில் கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என ஆறு தொகுதிகள். விளவங்கோட்டுக்கு 2024 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்ததால் அந்தத் தொகுதிக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டுப் பத்திரங்கள் உண்டு. தேர்தல் சீர்திருத்தத்துக்கான ஒரு தன்னார்வ அமைப்பு நடத்தும் மைநேதா தளத்தில் இதே விவரங்களைத் தட்டச்சு செய்து அட்டவணையாகப் போட்டிருக்கிறார்கள். படிக்க அது சுலபம், ஆனால் சந்தேகம் வந்தால் ஸ்கேன் பிரதிதான் ஆதாரம்.

படிவத்தைத் திறந்தால்

மேலே குறுக்கே கட்டங்கள்: வேட்பாளர், வாழ்க்கைத்துணை, இந்துக் கூட்டுக் குடும்பம், அவரைச் சார்ந்தவர்கள். கீழே வரிசையாக ரொக்கம், வங்கி இருப்பு, பங்கு, காப்பீடு, பிறருக்குக் கொடுத்த கடன், வாகனம், நகை. அடுத்து அசையாச் சொத்து: விவசாய நிலம், விவசாயம் அல்லாத நிலம், வணிகக் கட்டடம், வீடு. ஒவ்வொன்றுக்கும் ஊர், புல எண் (சர்வே நம்பர்), பரப்பு, பரம்பரையா வாங்கியதா, வாங்கியிருந்தால் எந்தத் தேதி, என்ன விலை, இன்றைய மதிப்பு என்ன என்று எழுத வேண்டும். அப்புறம் கடன்கள், தொழில், வருமான வழி, அரசோடு உள்ள ஒப்பந்தங்கள்.

பேப்பர்காரர்கள் இன்றைய மதிப்பை மட்டும் கூட்டி எழுதுவார்கள். நான் பார்க்கச் சொல்வது புல எண்ணும் வாங்கிய தேதியும்.

ஒரு கற்பனை எம்.எல்.ஏ.வை எடுத்துக்கொள்வோம். எந்தக் கட்சிக்காரரையும் மனதில் வைத்து எழுதவில்லை, எண்களும் நான் கட்டியவை. 2016 பத்திரத்தில் அவருக்குத் தகப்பனார் வழிப் பாகமாக 42 சென்ட் தென்னை விளை, 40 பவுன் நகை, மீதிக்கு வங்கி இருப்பு, ஆக மொத்தம் 60 லட்சம். 2021இல் மொத்தம் 1 கோடியே 45 லட்சம். தலைப்புச் செய்தி தயார்: ஐந்தே ஆண்டில் சொத்து இரண்டரை மடங்கு!

பொறுங்கள். கூடியது 85 லட்சம். அதைப் பிரிப்போம். 2016 மே மாதம் ஒரு பவுன் 22,000 ரூபாய்ச் சொச்சம், 2021 மார்ச்சில் 33,000க்கு மேல். அதே 40 பவுன் பெட்டியில் கிடந்தபடியே சுமார் நாலரை லட்சம் ஏறிவிட்டது. தென்னை விளையின் மதிப்பை 21 லட்சத்திலிருந்து 50 லட்சமாக மாற்றிப் போட்டிருக்கிறார். அதில் 29 லட்சம். இந்த இரண்டிலும் அவர் கையிலிருந்து ஒரு பைசா இறங்கவில்லை. 9 லட்சத்துக்கு வாங்கிய புது மனை ஒன்றுக்கு இன்றைய மதிப்பு 18 லட்சம். 14 லட்சத்துக்கு ஒரு கார். வங்கியில் கூடியது பத்தொன்பதரை லட்சம்.

உண்மையில் அவருக்குப் பணம் தேவைப்பட்டது மனைக்கு 9, காருக்கு 14, வங்கியில் போட 19.5. ஆக நாற்பத்திரண்டரை லட்சம். கார்க் கடன் 10 லட்சம் என்று கடன் பகுதியில் இருக்கிறது, கழித்தால் முப்பத்திரண்டரை. கணவன் மனைவி இருவரின் ஐந்து ஆண்டு வரிக் கணக்கு வருமானம் 38 லட்சம். மிச்சம் ஐந்தரை லட்சம். அறுபது மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதில் வீட்டுச் செலவும் நடக்க வேண்டும், தொகுதி முழுக்கக் கல்யாண வீடுகளில் மொய்யும் எழுத வேண்டும். இடிக்கிறதே?

அங்கேயும் அவசரப்படாதீர்கள். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வின் மாதச் சம்பளம் 2017 ஜூலையில் 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. அதில் பெரும்பகுதி பல வகைப் படிகள். தொகுதிப் படி போன்றவற்றுக்கு வருமான வரியிலிருந்து விலக்கு உண்டு. விலக்குப் பெற்ற பணம் படிவம் கேட்கும் ‘மொத்த வருமானம்’ என்ற எண்ணில் வராது. அதைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடக்கூடும். இத்தனையும் கூட்டிக் கழித்த பிறகும் பெரிய பள்ளம் இருந்தால் அது வேறு கதை. வருமானத்துக்கு அதிகமான சொத்து என்பது ஊழல் தடுப்புச் சட்டத்தின் விஷயம், அதை விசாரிக்க லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது.

ஆகக் கணக்கில் கோளாறு இல்லை. ஆனாலும் அந்த 9 லட்ச ரூபாய் மனை என்னை விடாது. பிரமாணப் பத்திரத்தில் இருப்பது: 18 சென்ட், மனைவி பெயரில், வாங்கியது 2018 ஜூன், ஒரு புல எண். நம் மாவட்டத்தில் நாலுவழிச் சாலை வேலை எத்தனை வருஷமாக இழுத்தது என்று எல்லாருக்கும் தெரியும். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும்போது, எடுக்கப்போகும் புல எண்களை 3ஏ அறிவிக்கையாக அரசிதழில் வெளியிட வேண்டும். இரண்டு நாளிதழ்களிலும் போட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழ். அந்தப் பட்டியலில் இந்தப் புல எண் இருக்கிறதா? இருந்தால் அறிவிக்கை வந்த தேதி என்ன? வாங்கி நாலு மாதத்தில் அறிவிக்கை வந்திருந்தால், சாலை எந்த வழியாகப் போகும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்கலாம். இழப்பீட்டில் நிலத்தின் மதிப்போடு அதற்குச் சமமான ஆறுதல் தொகையும் சேரும். 9 லட்சம் எத்தனை லட்சமாகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

மகள் கல்யாணத்துக்கு என்று அந்த அம்மா வாங்கிப் போட்ட மனையாகவும் இருக்கலாம். அதைப் பத்திரம் சொல்லாது. கேள்வியை மட்டும்தான் அது எழுப்பிக் கொடுக்கும்.

சரிபார்க்கும் வேலை

புல எண் கையில் இருந்தால் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம். யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில், என்ன தொகைக்குப் பத்திரம் பதிவானது என்று தெரியும். வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பட்டா விவரம் கிடைக்கும். ஒரு சின்ன எச்சரிக்கை: பிரமாணப் பத்திரத்தில் சென்ட் என்றிருக்கும், பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். இது தெரியாமல் ‘18 சென்ட் என்று சொல்லிவிட்டு 7.28தான் இருக்கிறது’ என்று கிளம்பிவிட வேண்டாம்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மண் இது. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்துக் குடும்பங்களில் பலருக்குப் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் திருவனந்தபுரத்திலும் சொந்தபந்தமும் உண்டு, சொத்தும் உண்டு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எதுவும் தமிழ்நாட்டுத் தளங்களில் வராது. கேரளப் பதிவுத்துறையின் தளத்துக்குத்தான் போக வேண்டும்.

தொழில் என்ற கட்டத்தில் ‘வணிகம்’ என்று ஒற்றைச் சொல் இருந்தால் எனக்கு எரிச்சல் வரும். என்ன வணிகம்? பலசரக்குக் கடையா, கல்குவாரியா? பங்கு, முதலீடு என்ற வரிகளில் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதன் இயக்குநர்கள் யார் என்று பார்க்கலாம். குவாரி, கிரஷர் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் விண்ணப்பதாரர் பெயரோடு கிடக்கின்றன. நம் மலைகளை உடைத்து லாரி லாரியாகக் கேரளத்துக்குக் கொண்டுபோவது ஓயாத சண்டை. அதைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசாத நம்மூர் எம்.எல்.ஏ.வைத் தேட வேண்டும். யார் எந்தப் பக்கம் பேசினாலும், குவாரியிலோ கிரஷரிலோ அவருக்குப் பங்கு உண்டா என்பதைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. ‘கல் வெளியே போகக் கூடாது’ என்று முழங்குகிறவருக்கு உள்ளூரில் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) வியாபாரம் இருந்தால், மலைமேல் உள்ள பாசத்தோடு வேறு பாசமும் இருக்கலாம் அல்லவா?

ஓட்டைகள்

பெரிய ஓட்டை, ‘சார்ந்தவர்’ என்ற கட்டம். தனி வருமானம் இல்லாமல் வேட்பாளரையே நம்பி இருப்பவர்கள்தான் அதில் வருவார்கள். சம்பாதிக்கிற மகன் வரமாட்டார். தனியாகச் சம்பாதிக்கிற மருமகன், மச்சான், அண்ணன், தம்பி யாரும் வரமாட்டார்கள். நம் ஊரில் தொழில்கள் எந்தப் பெயரில் நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த இடத்தில் படிவம் கைவிரித்துவிடும். உள்ளூர் நிருபரின் காதும் ஒப்பந்த ஆவணங்களும்தான் மிச்சம்.

இரண்டாவது, காலம். பத்திரம் தேர்தலுக்குத் தேர்தல்தான் வரும். ஜெயித்த மறுமாதம் ஒரு கம்பெனியில் பங்கு வாங்கினால் அடுத்த தேர்தல் வரை வாக்காளருக்குத் தெரியாது. எம்.பி.க்கள் பதவியேற்ற 90 நாளுக்குள் அவைத்தலைவரிடம் சொத்து விவரம் தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 75ஏ பிரிவு சொல்கிறது, ஆனால் அந்தப் பிரிவு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மட்டும். மாநிலங்களவை இன்னும் ஒரு படி மேலே போய், உறுப்பினர்களின் இயக்குநர் பதவி, ஊதியம் பெறும் வேலை, கட்டுப்பாடு தரும் அளவிலான பங்குகள், ஆலோசனைப் பணி, தொழில்முறைப் பணி ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. கர்நாடகத்தில் எம்.எல்.ஏ.க்கள் ஆண்டுதோறும் ஜூன் 30க்குள், ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தாவிடம் சொத்துக் கணக்குத் தர வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை. இங்கே அமைச்சர்களுக்கு ஒரு நடத்தை விதி உண்டு: தொழில் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும், ஆண்டுதோறும் முதலமைச்சரிடம் சொத்து விவரம் தர வேண்டும். ஆனால் அது சட்டமல்ல. சாதாரண எம்.எல்.ஏ.வுக்கு அதுவும் பொருந்தாது. என்னைக் கேட்டால், மாநிலங்களவையில் உள்ளது போன்ற ஒரு பதிவேடு சட்டமன்றத்திலும் வந்தால், சொத்து மதிப்பைப் பற்றிய இந்தச் சத்தத்தில் பாதி குறையும்.

2024 ஏப்ரலில் அருணாசலப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வேட்பாளர் வீட்டில் உள்ள ஒவ்வொரு அசையும் பொருளையும் எழுத வேண்டியதில்லை, அவருக்கும் அந்தரங்க உரிமை உண்டு, வாக்காளரின் முடிவைப் பாதிக்கும் அளவுக்குப் பெரிய சொத்து என்றால்தான் சொல்ல வேண்டும் என்றது. ஆகவே பழைய பைக் ஒன்றைக் காட்டவில்லை என்று சண்டைக்குப் போனால் நேரம்தான் வீண்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு, மாநில அரசுக்குப் பொருள் வழங்கவோ வேலை செய்யவோ நடப்பிலுள்ள ஒப்பந்தம் வைத்திருப்பவர் எம்.எல்.ஏ.வாக இருக்க முடியாது என்கிறது. கேட்க பலமாக இருக்கும். படித்தால் குறுகலானது. அது பேசுவது அவரே தன் தொழிலில் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பற்றி. மனைவி பெயரில் இருந்தால் படிவம் 26 கேட்கும், 9ஏ பிடிக்காது. 2022இல் ஜார்க்கண்ட் முதலமைச்சர் ஹேமந்த் சோரன் பெயரில் ஒரு சுரங்கக் குத்தகை இருந்தது பற்றி இந்தப் பிரிவில்தான் புகார் போனது. இப்படிப்பட்ட புகாரில் முடிவெடுப்பவர் ஆளுநர், ஆனால் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு அதன்படியே முடிவெடுக்க வேண்டும். ஆணையம் கருத்தை அனுப்பியது. அதில் என்ன இருந்தது என்று அப்போது ஊருக்குச் சொல்லவில்லை.

பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னால் அதே சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தேர்தலையே எதிர்த்து வழக்குப் போடுவதானால் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இவை இரண்டும் பொய்க்கும் மறைப்புக்கும் உள்ள வழிகள். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட்டு, தன் மனை வழியே போகும் சாலைக்காகக் கூட்டத்தில் வாதாடியவரை இவை தொடாது. அவரிடம் வாக்காளர் நேரில் கேட்க வேண்டியதுதான்.

கேட்பதற்கு முன் கையில் காகிதம் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ‘எம்.எல்.ஏ. நிலம் சுருட்டினார்’ என்று போட்டால் அவதூறு வழக்குதான் வரும். சாலைத் தடம் பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த கூட்டங்களின் தேதி, கலந்துகொண்டவர்கள் பட்டியல், நடவடிக்கைக் குறிப்பின் நகல் ஆகிய மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ‘எம்.எல்.ஏ.வின் சொத்து விவரம் தருக’ என்று கேட்டால் தனிநபர் தகவல் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூட்டக் குறிப்பு அலுவலகப் பதிவு, அதை அப்படித் தள்ளிவிடுவது எளிதல்ல. மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கு ஸ்டாம்ப் தேவையில்லை.